குடிக்காதவள் எழுதிய ஒயின் குறிப்புகள்

வெள்ளை ஒயினைப் பற்றிப் பேசியே நான் நான்கு வருடம் பிழைத்தேன். ஒரு சொட்டு குடித்ததில்லை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பனியையே பார்க்காமல் துருவப் பிரதேசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் வாத்தியார்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. என் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஆதாரம் வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நாவலூர் வரைக்கும் தோண்டிப் போட்டிருந்த காலம். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஒயின் அனுப்பி விற்கும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் இங்கிருந்து வேலை பார்த்தோம். அவர்களுக்குக் காலை விடியும்போது எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பெட்டி வரவில்லை, பாட்டில் உடைந்துவிட்டது என்று கத்துகிறவர்களுக்கு பதில் சொல்ல ஒரு பெரிய மேசை. அடுத்த வாரம் விருந்து, மீன் சமைக்கிறோம், எந்த ஒயின் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு சின்ன மேசை. சின்ன மேசையில் நான்கு பேர்தான். அதில் வெள்ளை ஒயினுக்கு நான்.

அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.எஸ்சி. புவியியல். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காத ஆளே இல்லை. கடல் நீரோட்டமும் மழை மறைவுப் பிரதேசமும் எந்த நேர்காணலிலும் எனக்குச் சோறு போடவில்லை. இந்த ஒரு மேசையில்தான் முதன்முறையாக ஒருவர் என்னிடம், அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் எப்படி என்று கேட்டார். யாராவது என்னை அங்கிருந்து எழுப்பினால் கடித்துவிடுவேன் என்ற நிலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி இரண்டு வாரம் நடந்தது. நடத்தியவர் எங்கள் டீம் லீடர். டி.எல். என்போம். கடலோரத்துப் பெசன்ட் நகர்க்காரர். நல்லவர்தான், ஆனால் தாளில் அச்சடித்ததை மீறி உலகம் இருக்க முடியும் என்று நம்பாதவர். முதல் நாள் பழங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். பச்சை ஆப்பிள், பேரிக்காய், பீச், முலாம்பழம். ஒயினில் இந்த வாசனையெல்லாம் வருமாம். எங்கள் வீட்டில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி. யாரையாவது வார்டில் பார்க்கப் போகும்போது அரை டஜன் வாங்குவோம். ஆப்பிள் வாசனை என்றதும் எனக்கு டெட்டாலும் சேர்ந்துதான் வந்தது.

இரண்டாம் நாள் ஒரு அட்டவணை கொடுத்தார். இடது பக்கம் குளிர் நாடுகள், வலது பக்கம் வெப்ப நாடுகள். குளிர் நாட்டு ஒயின் புளிக்கும், லேசாக இருக்கும், எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மணக்கும். வெப்ப நாட்டு ஒயின் புளிப்புக் குறைவாக, கனமாக, தொண்டையில் சூடாக இருக்கும், அன்னாசியும் பழுத்த மாம்பழமும் மணக்கும். ஏன் என்று ஒரு பையன் கேட்டான். "ஏன்லாம் கஸ்டமர் கேக்க மாட்டான், நீ இத சொல்லு போதும்," என்றார் டி.எல்.

ஏன் என்பதை எனக்கு எங்கள் வீட்டு மாமரம் சொன்னது.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் எங்கள் மனையில் ஒரு ருமானி மாமரம் இருந்தது. உருண்டையாகக் காய்க்கும் சாதி. நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் வயல், பிறகு சுற்றிலும் மனை, பிறகு மேற்கே எங்கள் மதிலை ஒட்டி நான்கு மாடி அடுக்ககம் எழுந்தது. அது எழுந்த பிறகு மரத்தின் மேற்குப் பாதிக்கு வெயிலே கிடையாது. காலை வெயிலைக் கிழக்குப் பக்கத்துக் கிளைகளே மறைத்துவிடும், மதிய வெயிலைக் கட்டடம் மறைத்துவிடும். இரண்டு கோடைக்குள் ஒரே மரம் இரண்டு மரமாகிவிட்டது. கிழக்குப் பாதியில் மே மாத முதல் வாரத்திலேயே பழுத்து, அணில் கொறித்து, தேனாக ஒழுகும். மேற்குப் பாதியில் அதே வாரத்தில் காய் கல்லாக நிற்கும். கடித்தால் காது வரைக்கும் கூசும். ஜூன் பாதியில் ஒருவழியாகப் பழுத்தாலும் அதில் ஒரு புளிப்பு பிடிவாதமாக மிச்சமிருக்கும். அம்மா ஊறுகாய்க்கு மேற்குப் பக்கத்துக் காயைத்தான் பறிப்பாள். கிழக்குப் பக்கத்துக் காய் ஜாடியில் சீக்கிரம் கொழகொழத்துவிடும் என்பாள்.

திராட்சைக்கும் இதே கதைதான். வெயில் ஏற ஏறப் பழத்தில் இனிப்பு ஏறும், புளிப்பு கரையும். அந்த இனிப்புதான் பிறகு போதையாக மாறுகிறது, அதனால் வெப்பமான இடத்து ஒயினுக்குக் கனமும் சூடும் கூடுகிறது. குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு போக மறுக்கிறது, இனிப்பு பாதியில் நிற்கிறது. ஒயின் லேசாகவும் கூர்மையாகவும் வருகிறது. இதை நான் ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துக் காயையும் நறுக்கி உப்பு தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே புரிந்துகொண்டேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம் பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

புரிந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு துறைமுகத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மீன்பிடிப் படகில் இருந்து ஓய்வு பெற்றவர். எலுமிச்சையைக் கடித்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் வழக்கமான பிரான்ஸ் சரக்கு அலுத்துவிட்டது, அமெரிக்காவில் ஏதாவது உண்டா என்றார். அட்டவணைப்படி கலிஃபோர்னியா வெப்ப நாடு. அதைப் பரிந்துரைக்கவே கூடாது. எனக்குத் தெரிந்த கலிஃபோர்னியாவில் ஒரு குளிர்ந்த நீரோட்டம் கரையை உரசிக்கொண்டு போகிறது. அதனால் கடலோரப் பள்ளத்தாக்குகளில் பாதி நாள் மூடுபனி. அங்கே திராட்சைக்குக் கிடைப்பது எங்கள் மேற்குப் பக்கத்துக் கிளைக்குக் கிடைக்கிற வெயில்தான். அப்படி ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒயினை அவருக்குச் சொன்னேன்.

எங்கள் அழைப்புகளை ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போட ஒரு பிரிவு உண்டு. பெரிய தவறு என்றால் 'ஃபேட்டல்' என்று குறிப்பார்கள். எனக்கு ஒரு ஃபேட்டல் விழுந்தது. டி.எல். என்னைக் கூப்பிட்டார்.

"கலிஃபோர்னியான்னா வார்ம். டேபிள்ல என்ன இருக்கோ அத சொல்லணும். உன்ன யாரு மேப் பாக்கச் சொன்னா?"

"கலிஃபோர்னியா பெரிய ஊரு சார். நாவலூரும் முடிச்சூரும் ஒரே வெயிலா?"

"சென்னைன்னா ஒரே வெயில்தான்."

"நீங்க பெசன்ட் நகர் சார், உங்களுக்குத் தெரியாது. இங்க பன்னெண்டு மணிக்கே கடல் காத்து வந்துடுது. எங்க ஊருக்கு அது மூணு மணிக்கு மேலதான் வரும். வர்றதுக்குள்ள காத்துக்கே வேர்த்துடும். இருபது கிலோமீட்டர்தான். ஒரு நாள் மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து பாருங்க."

அவர் வரவில்லை. ஃபேட்டலும் போகவில்லை. மூன்று வாரம் கழித்து அந்தப் பெரியவர் மின்னஞ்சல் அனுப்பினார். நன்றாகப் புளிக்கிறது, இன்னொரு பெட்டி அனுப்பு என்று மட்டும் எழுதியிருந்தார். அதை அச்செடுத்து டி.எல். மேசையில் வைத்தேன். நான் தப்பாகச் சொன்னது எப்படியோ சரியாக வந்துவிட்டது என்றார் மனிதர்.

வீட்டுப் பக்கம் நிலைமை வேறு மாதிரி இருந்தது. தமிழ்நாட்டில் 'ஒயின்' என்றால் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும். பெருங்களத்தூரில் என்னை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி வண்டியின் டிரைவர் முதல் நாளே கேட்டார்: "இன்னா மேடம், சரக்கு கம்பெனியா? சாம்பிள் கீதா?" அவரை மன்னித்துவிடலாம். வெளிப்படையாகக் கேட்டார், சிரித்தார், வண்டியை எடுத்தார். எங்கள் தெரு அப்படி இல்லை. நான் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடரும் தெரு அது.

அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். அந்த வருடம் முடிச்சூர் சாலையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஒயின் ஷாப் வரப்போவதாகப் பேச்சு வந்தது. அதை எதிர்த்து மனு எழுதி, தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கியவர் அப்பாதான். இரண்டாவது தெருவில் பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருந்தார். அப்பா கையெழுத்துக்குப் போனபோது அவர், "உங்க பொண்ணுகிட்ட முதல்ல கையெழுத்து வாங்கிட்டீங்களா சார்?" என்று கேட்டாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"நேராவே கேக்கறேன். ஆபீஸ்ல குடிக்கச் சொல்றாங்களா? நீ குடிக்கிறியா?"

"கேக்கறது நீங்களா, அந்த மாமாவா?"

"யார் கேட்டா என்ன? பதில் சொல்லு."

"அப்ப பதில் கிடையாதுப்பா."

அம்மா சமையலறையிலிருந்து, "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேண்டி," என்றாள். சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அன்று இல்லை என்று சொன்னால் நாளைக்கு ஏன் நேரமாகிறது என்று கேட்பார்கள், நாளை மறுநாள் பக்கத்து நாற்காலியில் யார் என்று கேட்பார்கள். அதைவிட, எனக்கு அழுகை வந்தது. இருபத்து மூன்று வருடம் என்னை வளர்த்தவருக்கு என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டாவது தெரு மாமா வேண்டியிருந்தது. அந்த வலியில்தான் பிடிவாதம் வந்தது. அப்பாவும் நானும் அதன்பிறகு ஐந்து மாதம் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டாச்சா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இங்கிலாந்துக் கம்பெனியில் வெள்ளை ஒயின் கொள்முதல் செய்யும் அம்மாள் சென்னைக்கு வருகிறார். ஆலோசனை மேசையில் இருப்பவர்கள் அவர் முன்னிலையில் ஒயினைச் சுவைத்து அது எப்படிப்பட்ட இடத்தில் விளைந்தது என்று சொல்ல வேண்டும். சுவைக்காதவர்கள் பெரிய மேசைக்கு மாற்றப்படுவார்கள். பெரிய மேசை என்றால் உடைந்த பாட்டில்.

டி.எல். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு சிப் தானே? துப்பிடலாம். அங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க," என்றார்.

"வேண்டாம் சார்."

"ரிலிஜியஸா?"

"இல்ல சார்."

"வீட்ல திட்டுவாங்களா?"

"அவங்க ஏற்கெனவே திட்டிட்டாங்க."

"அப்புறம் என்ன காரணம்?"

"வேண்டாங்கறதுதான் சார் காரணம்."

அவருக்குப் புரியவில்லை. வீட்டில் நான் குடிக்கிறேன் என்று நினைத்தார்கள், அலுவலகத்தில் நான் குடிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என் வாய்க்குள் என்ன போகிறது என்பதிலேயே குறியாக இருந்தார்கள். அந்த வாயிலிருந்து என்ன வருகிறது என்று யாரும் கேட்கத் தயாராக இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில் பகல் பதினோரு மணிக்கு ஏற்பாடு. வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டே நாள் வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் துணி சுற்றிய பாட்டில்கள். சிவப்பு ஒயினுக்கும் மற்றதற்கும் இருந்த மூன்று பேரும் முடித்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் குடிப்பதில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஆனால் ஒன்று செய்யலாம். இந்த ஒயின் எந்த இடத்தில் விளைந்தது என்று நீங்கள் சொல்லுங்கள். அது எப்படிச் சுவைக்கும் என்று நான் சொல்கிறேன். நீங்கள் குடித்துப் பார்த்து சரியா தப்பா என்று சொல்லுங்கள்."

டி.எல். எழுந்தே விட்டார். அந்த அம்மாள் அவரைக் கையால் உட்காரச் சொன்னார். எப்படி முடிவு செய்வாய் என்று என்னிடம் கேட்டார். கேள்வி கேட்பேன், அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றேன். முதல் பாட்டிலின் துணியைத் தன் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி விலக்கினார்.

"ஜெர்மனி. ஒரு ஆற்றங்கரை."

"கரை சரிவானதா? எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது?"

"செங்குத்துச் சரிவு. தெற்கு."

"அறுவடை எப்போது?"

"அக்டோபர்."

வெயிலுக்கு ஏங்கும் ஊர், அதனால்தான் தெற்குச் சரிவைத் தேடிப் போயிருக்கிறார்கள். லேசாக இருக்கும், போதை குறைவு, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும், புளிப்பு பல்லைக் கூசச் செய்யும், அதைத் தாங்குவதற்குக் கொஞ்சம் இனிப்பை விட்டு வைத்திருப்பார்கள் என்றேன். அவர் ஒரு வாய் குடித்தார், துப்பினார், தலையாட்டினார்.

இரண்டாவது ஆஸ்திரேலியா. கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். வெகுதூரம், சமவெளி, ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பது என்றார். எங்கள் மரத்தின் கிழக்குப் பாதி கண்ணில் வந்தது. அன்னாசி, பழுத்த பீச், கனம், தொண்டையில் சூடு, புளிப்பு சொற்பம், அப்படியே இருந்தாலும் பின்னால் சேர்த்ததாக இருக்கும் என்றேன். கடைசியாகச் சொன்னதற்கு அவர் புருவம் உயர்ந்தது. சரி என்றார்.

மூன்றாவது சிலி. டி.எல். அட்டவணையில் வெப்பப் பக்கத்தில் இருக்கும் நாடு. பள்ளத்தாக்கு கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். ஆம். காலையில் மூடுபனி உண்டா? ஆம். கலிஃபோர்னியாவைப் போல அங்கேயும் ஒரு குளிர் நீரோட்டம். அப்படியானால் கூர்மையாக இருக்கும், எலுமிச்சையும் வெட்டிய புல்லும் மணக்கும் என்றேன். அவர் குடித்துவிட்டு, டி.எல்.லிடமும் ஒரு கோப்பையை நீட்டினார். அவர் குடித்து, புளிப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்தார். எனக்கு அந்த ஃபேட்டலே அப்போதுதான் அழிந்த மாதிரி இருந்தது.

நான்காவது பாட்டிலை எடுத்தபோது அந்த அம்மாள் புன்னகை செய்தார். "இந்தியா. நாசிக்."

நான் சிரித்தேன். இதுவும் ஒரு கேள்வியா என்று இருந்தது. இந்தியாவின் வெயிலைப் பற்றி முடிச்சூர்க்காரிக்கு இங்கிலாந்திலிருந்து வந்து பாடம் எடுக்க வேண்டுமா? ஒன்றும் கேட்காமல் சொன்னேன்: பழுத்த மாம்பழம், கனம், புளிப்பே இருக்காது, சப்பென்று இருக்கும்.

அவர் குடித்தார். கோப்பையை டி.எல்.லிடம் நீட்டினார். டி.எல். குடித்துவிட்டு, "புளிக்குது," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த அம்மாள் எனக்கு விளக்கினார். அங்கே மழை ஓய்ந்ததும் கொடியை வெட்டிவிடுகிறார்கள். புதுத் தளிர் விட்டு, காய்த்து, பழுப்பதெல்லாம் பனிக்காலத்தில். கோடை வருவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். உயரமான பீடபூமி, இரவில் நல்ல குளிர். மற்ற நாடுகளில் கோடையில் பழுக்கும் திராட்சை இங்கே குளிர்காலத்தில் பழுக்கிறது.

தக்காணப் பீடபூமியை நான் மூன்று வருடம் படித்தவள். வரைபடத்தில் கையால் நிழல் தீட்டியவள். ஆனால் நாசிக்கை முடிச்சூர் வெயிலில் வைத்து அளந்துவிட்டேன். கலிஃபோர்னியா என்றால் ஒரே வெயிலா என்று சண்டை போட்டவள், இந்தியா என்றால் ஒரே வெயில் என்று முடித்துவிட்டேன். அவமானமாக இருந்தது, இன்றைக்கும் நினைத்தால் இருக்கிறது.

"பாத்தியா? ஒரு வாய் குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல," என்றார் டி.எல். தமிழில்.

"குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சார். எந்த மாசம் பறிப்பாங்கன்னு கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்கும். மத்த ஊருக்கெல்லாம் கேட்டேன், நம்ம ஊருன்னு இதுக்குக் கேக்கல. நான் குடிக்காதது தப்பில்ல, கேக்காததுதான் தப்பு."

என்ன சொன்னாய் என்று அந்த அம்மாள் கேட்டார். அவருக்கும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பாட்டிலின் துணியை மடித்து வைத்தார். பிறகு, குடித்துப் பார்த்தே தப்புச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஏன் தப்பானது என்று சொல்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை என்றார். நான் சின்ன மேசையிலேயே இருக்கலாம் என்று முடிவானது. கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒயின் பெட்டிக்குள் வைக்கும் குறிப்பு அட்டைகளை இனி நான் எழுத வேண்டும்.

அட்டையின் மாதிரி வந்தபோது கடைசி வரியைப் பார்த்தேன். 'சுவைத்துப் பார்த்துப் பரிந்துரைப்பவர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பெயர் மட்டும் போடு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார் டி.எல். நான் அந்த வரியை அடித்துவிட்டு, 'இதை நான் சுவைத்ததில்லை. இது விளையும் இடத்தை அறிவேன்' என்று எழுதி அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினேன். அந்த அம்மாள் அதை அப்படியே அச்சடித்துவிட்டார். சுவைக்காதவளிடம் வாங்க மாட்டேன் என்று சிலர் எழுதினார்கள். அந்த இடத்தில் மழை எப்படி, காற்று எப்படி என்று பலர் கேட்டு எழுதினார்கள். நாசிக் அட்டைக்கு மட்டும் நான்கு புத்தகம் படித்தேன்.

ஏப்ரல் கடைசியில் அந்த நாசிக் அட்டை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பாவுக்காக வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"ஆபீஸ்ல நான் சொல்றதக் கேட்டாங்கப்பா. நீங்க என்னை விசாரிச்சீங்க."

அவர் அட்டையை எடுத்து, ஒயின் ஷாப்புக்கு எதிரான மனுக்கள் இருந்த கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆதாரம் கிடைத்துவிட்டது, இனி தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார் என்று நினைத்தேன். அதை ஏன் வீட்டுக்குக் கொண்டு வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. மாமரத்தடியில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கிழக்குப் பக்கம் ஏற்கெனவே இரண்டு பழம் விழுந்திருந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் போட நின்றிருந்தேன். அப்பா மடியில் அந்தக் கோப்பு இருந்தது. மனுவைக் கலெக்டர் அலுவலகத்துக்கு யார் எடுத்துப் போவது என்று பேச்சு வந்தபோது இரண்டாவது தெரு மாமா தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாம போய் நின்னா முதல்ல நம்மளத்தான் கேப்பான். உங்க பொண்ணு ஒயின் கம்பெனில இருக்கறது ஊருக்கே தெரியும். அது குடிக்குதா இல்லையா, அத இங்கயே சொல்லிடுங்க. நாங்களும் தைரியமா கையெழுத்து போடுவோம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சிலர் என்னையும் பார்த்தார்கள். அப்பா கோப்பைத் திறந்தார். அட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும், அந்த மனிதர் வாய் மூடியிருக்கும், ஐந்து மாதமாக அப்பா குனிந்து நடந்ததற்கு முடிவு வந்திருக்கும். நான் மோட்டார் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன்.

அப்பா மனுவை மட்டும் உருவி எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"என் பொண்ணு குடிக்கிறாளான்னு நான் கேட்டப்ப எனக்கே அவ பதில் சொல்லல. சொல்லாதது சரிதான்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுது. உங்களுக்கு நான் எதுக்கு சொல்லணும்? ஸ்கூல் பக்கத்துல கடை வேண்டாம்னா கையெழுத்து போடுங்க. இல்லன்னா அடுத்தவர்கிட்ட கொடுங்க."

மாமா தாளை வாங்கி மடியில் விரித்தார். பிறகு பேனா கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அட்டை அதற்குள்ளேயே இருந்தது.